டிஎச்எம் ரிப்போர்ட் 'வரம்புக்குள்' என்கிறது, நம்பலாமா? (மெட்ரோ + லாரி + போர் கலந்த சம்ப்)

#1 ஈசிஆர்_செயலர்

வணக்கம். நீலாங்கரைப் பக்கம் 120 வீடு உள்ள அடுக்ககம். சம்ப் 1,50,000 லிட்டர். மெட்ரோ வாட்டர் கொஞ்சம், மீதி லாரி, கோடையில் இரண்டு போரும் ஓடும். எல்லாம் ஒரே சம்பில்தான் விழுகிறது. தினமும் காலையில் 5 லிட்டர் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், திரவக் குளோரின் மருந்து) ஊற்றுகிறார்கள். கேனில் 10% என்று எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 60,000 லிட்டர் செலவாகிறது.

குளோரின் வாடை அடிக்கிறது என்று புகார் வந்ததால் டிரைஹாலோமீத்தேன் (டிஎச்எம், தண்ணீரில் கரைந்த மட்குக் கரிமத்தோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் உபபொருள்) சோதனை செய்தோம். வந்த முடிவு, மி.கி./லிட்டரில்:

குளோரோஃபார்ம் 0.040
புரோமோடைகுளோரோமீத்தேன் 0.030
டைபுரோமோகுளோரோமீத்தேன் 0.035
புரோமோஃபார்ம் 0.020

கீழே 'ஐஎஸ் 10500:2012 வரம்புக்குள் உள்ளது' என்று, அதாவது இந்தியக் குடிநீர்த் தரநிலைக்குள் என்று, முத்திரை. கமிட்டியில் பாதிப் பேர் விஷயம் முடிந்தது என்கிறார்கள். மீதிப் பேர் ஹைப்போவையே நிறுத்தச் சொல்கிறார்கள். இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

#2 பிப்பெட்

ரெண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள் சார்.

முத்திரை பொய் இல்லை. ஐஎஸ் 10500-ல் நான்குக்கும் தனித்தனி வரம்பு: குளோரோஃபார்ம் 0.2, புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06, மற்ற இரண்டும் 0.1. உங்கள் எண்கள் ஒவ்வொன்றும் அதற்குள்தான். ஆனால் நான்கையும் சேர்த்துப் பார்க்கும் வரி அந்த அட்டவணையில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் அது இருக்கிறது. ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்து, நான்கு பின்னங்களையும் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது. அங்கே குளோரோஃபார்முக்கு 300 மைக்ரோகிராம், புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு 60, மற்ற இரண்டுக்கும் 100.

உங்கள் கணக்கு: 40/300 = 0.13. 30/60 = 0.50. 35/100 = 0.35. 20/100 = 0.20. மொத்தம் 1.18.

அப்படியே கூட்டினால் 125 மைக்ரோகிராம். அமெரிக்காவில் மொத்த வரம்பு 80, ஐரோப்பிய ஒன்றியத்தில் 100. அமெரிக்காவின் 80 என்பது ஒரே இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த மாதிரிகளின் ஓராண்டுச் சராசரி, அதனால் ஒற்றைச் சோதனையை வைத்து 'மீறல்' என்று சொல்ல முடியாது. இருந்தாலும் 'விஷயம் முடிந்தது' என்று சொல்லும் தண்ணீர் இது இல்லை.

இன்னொன்று உறுத்துகிறது. நான்கு எண்ணும் 0 அல்லது 5-ல் முடிகின்றன. கருவி அப்படிக் கொடுக்காது, யாரோ முழுமைப்படுத்தியிருக்கிறார்கள். மைக்ரோகிராம் கணக்கில் அசல் எண்களைக் கேட்டு வாங்குங்கள். மாதிரியை யார், எந்தப் பாட்டிலில், எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாமல் மேலே பேசிப் பயனில்லை.

#3 உப்புக்கரிப்பு

எனக்கு மொத்தத்தைவிட அந்த நான்கின் விகிதம்தான் கதை சொல்கிறது. சாதாரண ஏரித் தண்ணீரில் குளோரோஃபார்ம்தான் பெரும்பங்கு எடுக்கும். இங்கே அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மற்றதெல்லாம் புரோமின் ஏறியவை. தண்ணீரில் புரோமைடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஹைப்போவில் இருக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் புரோமைடைக் கண்டதும் அதை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றிவிடும். கரிமப் பொருளோடு வினைபுரிவதில் இது குளோரினைவிட வேகம். எடையும் கூடும்: குளோரோஃபார்ம் மூலக்கூறு எடை 119, புரோமோஃபார்ம் 253. அதே எண்ணிக்கை மூலக்கூறு உருவானாலும் மைக்ரோகிராமில் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும். அழுக்கு கூடாமலே எண் கூடுவது இதனால்தான்.

புரோமைடு சோதனைக்குத் தனியாகச் செலவு செய்யும் முன் உங்கள் குளோரைடு அளவைப் பாருங்கள். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு 19,000 மி.கி., புரோமைடு சுமார் 65. அதாவது 290-க்கு 1. கடல்நீர் ஏறிய போர் என்றால் குளோரைடை 290-ஆல் வகுத்தால் புரோமைடு தோராயமாகக் கிடைக்கும். சாக்கடைக் கசிவால் ஏறிய குளோரைடுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே புரோமைடு குறைவாக இருக்கும்.

உங்கள் பக்கம் நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரும் வரும். கடல்நீரைச் சுத்திகரிக்கும் சவ்வு புரோமைடில் பெரும்பகுதியை நிறுத்தும், முழுதாக நிறுத்தாது. அதில் கரிமம் ரொம்பக் குறைவு என்பதால் தனியாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் உருவாகாது. லாரியில் வரும் கிணற்றுத் தண்ணீரோடு கலக்கும்போது ஒருவர் புரோமைடு கொண்டுவருகிறார், இன்னொருவர் கரிமம் கொண்டுவருகிறார், சம்பில் ஹைப்போ காத்திருக்கிறது.

#4 ஈசிஆர்_செயலர்

குளோரைடு 340 மி.கி. என்று அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. வகுத்தால் 1.2 வருகிறது.

மாதிரி: ஆய்வகம் கொடுத்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கிருமிச் சோதனைக்குத் தனியாக ஒரு சின்ன பாட்டில். தரைத்தளத் தோட்டக் குழாயில் பிளம்பர் பிடித்தார். மறுநாள் சாயங்காலம்தான் ஆள் வந்து எடுத்துப் போனார். ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை.

#5 பிப்பெட்

அப்படியென்றால் அந்த 125-ஐ ஒரு சரியான எண்ணாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தவறு எதிரெதிர்த் திசையில் இழுத்திருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே காற்றிடம் இருந்திருக்கும், குளோரோஃபார்ம் அதற்குள் ஏறிப் போயிருக்கும். அதனால் எண் குறையும். குளோரினை நிறுத்தும் மருந்து போடாததால் ஒன்றரை நாள் பாட்டிலுக்குள்ளேயே வினை ஓடியிருக்கும். அதனால் எண் கூடும். எது எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான்கின் விகிதத்தை மட்டும் ஓரளவு நம்பலாம்.

சரியாகப் பிடிப்பது இப்படி.

ஆய்வகத்திடம் 40 மி.லி. பழுப்புக் கண்ணாடி வயல் (சிறு குப்பி) கேளுங்கள். திருகு மூடி, உள்ளே டெஃப்ளான் முகம் கொண்ட சிலிக்கான் செப்டம் (மூடிக்குள் இருக்கும் வட்ட அடைப்பு). டெஃப்ளான் பக்கம் (வழவழப்பான பக்கம்) தண்ணீரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சிலிக்கான் டிஎச்எம்மை உறிஞ்சும். ஓர் இடத்துக்கு இரண்டு வயல். இதோடு ஆய்வகம் தன் சுத்த நீரை நிரப்பி அனுப்பும் வயல் ஒன்று, திறக்காமல் உங்களோடு சுற்றி அப்படியே திரும்ப வேண்டும். அதில் குளோரோஃபார்ம் தெரிந்தால் வழியிலோ ஆய்வகத்திலோ கலந்திருக்கிறது.

குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிவிடுங்கள், அது காற்றைக் கலக்கும். சூடு, குளிர் இரண்டும் சேர்ந்த ஒற்றைக் கைப்பிடிக் குழாய் வேண்டவே வேண்டாம், கீசர் தண்ணீர் கொஞ்சம் கசிந்தாலும் எண் ஏறும். தண்ணீரின் வெப்பநிலை நிலைக்கும்வரை ஓட விடுங்கள், பத்து நிமிடம் ஆகலாம். பிறகு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு மெல்லிய தாரையாகக் குறைத்து, வயலைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக இறக்குங்கள். நுரை வரக் கூடாது. வயலுக்குள் குளோரினை நிறுத்தும் மருந்து இருப்பதால் வழிந்தோட விடக் கூடாது. விளிம்பில் தண்ணீர் புடைத்து நிற்கும்போது மூடியைப் போட்டு இறுக்குங்கள். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். ஒரு குமிழி ஏறினாலும் அந்த வயல் செல்லாது. திறந்து மேலே ஊற்றி நிரப்பாமல் புது வயலில் பிடியுங்கள்.

ஐஸ் பெட்டியில் 4 டிகிரிக்கு அருகே வைத்து அனுப்புங்கள். ஃப்ரீசரில் வைத்தால் வயல் வெடிக்கும். முறையாகக் குளோரினை நிறுத்திய மாதிரி 14 நாள் தாங்கும், ஆனால் சென்னையில் அன்றே சேர்ப்பதற்கு என்ன தடை?

#6 கண்மாய்

மருந்து என்று எதைச் சொல்கிறீர்கள்? கிருமிச் சோதனை பாட்டிலில் ஏற்கெனவே தையோசல்பேட் (குளோரினை முறிக்கும் உப்பு) போட்டிருப்பார்களே, அதிலேயே பிடித்தால் ஆகாதா?

#7 பிப்பெட்

தையோசல்பேட் மட்டும் பார்த்தால் தவறில்லை. நான்கு டிஎச்எம் மட்டும் தேவை, அமிலம் சேர்க்கப் போவதில்லை என்றால் 40 மி.லி.க்கு 3 மி.கி. போதும். ஆனால் அந்தக் கிருமி பாட்டில் காற்றிடம் விட்டுப் பிடிப்பதற்கென்றே வந்தது, குலுக்க இடம் வேண்டும் என்பதால். டிஎச்எம்முக்கு நேர்மாறான தேவை.

பர்ஜ் அண்ட் டிராப், மாஸ் ஸ்பெக் முறையில் (தண்ணீரில் வாயுவை ஊதி, ஆவியாகி வருவதைப் பிடித்து அளப்பது) மற்ற ஆவியாகும் பொருள்களையும் சேர்த்துப் பார்ப்பதானால் அஸ்கார்பிக் அமிலம் சுமார் 25 மி.கி., குளோரின் தீர்ந்த பிறகு 1:1 ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. தையோசல்பேட் போட்ட வயலில் அமிலத்தை விட்டால் அது சிதைந்து சல்பர் டை ஆக்சைடு கிளம்பும், கருவியில் கலவரம்.

எம்டிபிஇ கரைப்பானில் பிரித்து எலெக்ட்ரான் கேப்சர் டிடெக்டரில் பார்க்கும் முறைக்கு அம்மோனியம் குளோரைடு, 60 மி.லி. வயலுக்கு 6 மி.கி., கூடவே பாஸ்பேட் பஃபர். அதாவது லிட்டருக்கு 100 மி.கி. இது குளோரினை அழிக்காது, குளோரமீனாக (அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின்) மாற்றி வினையைத் தணிக்கிறது. அதனால் சரிபார்க்க டிபிடி (குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு காட்டும்) மாத்திரை போட்டால் 'மொத்தக் குளோரின்' அப்படியே காட்டும், பயப்படாதீர்கள். தனிக் குளோரின் (அம்மோனியாவோடு சேராதது) பூஜ்யமாக இருந்தால் சரி.

ஹாலோஅசிட்டிக் அமிலங்களையும் (குளோரினால் உண்டாகும் இன்னொரு வகை உபபொருள்) பார்க்க நினைத்தால் தனி பாட்டில், அதிலும் அம்மோனியம் குளோரைடு. ஐஎஸ் 10500-ல் அவற்றுக்கு வரம்பே இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஐந்து அமிலங்களின் மொத்தம் 60 மைக்ரோகிராம்.

#8 சம்ப்மூடி

எல்லோரும் வயலைப் பற்றியே பேசுகிறீர்கள். முதல் பதிவில் உள்ள 5 லிட்டரை யாரும் கணக்குப் போடவில்லையே.

10% ஹைப்போ என்றால் லிட்டருக்கு 100 கிராம் குளோரின். 5 லிட்டரில் 500 கிராம். சம்பின் முழு அளவால் வகுத்தால் 3.3 மி.கி./லி., நல்லபிள்ளை மாதிரித் தெரியும். ஆனால் தினம் உள்ளே வருவது 60,000 லிட்டர் புதுத் தண்ணீர்தான். நேற்றைய மருந்து வாங்கிய 90,000 லிட்டர் ஏற்கெனவே கிடக்கிறது. புதுத் தண்ணீருக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு 8.3 மி.கி. வாடை அடிக்காமல் என்ன செய்யும்?

அதுவும் கேனில் உள்ளது உண்மையிலேயே 10% என்றால். வெயிலில் வைத்த கேன் வாரக் கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று வந்த கேனும் மாதக் கடைசிக் கேனும் ஒரே மருந்து இல்லை. அடுத்த வேலையாக இதைச் சோதியுங்கள்: ஆர்ஓ தண்ணீர் 10 லிட்டரில் ஹைப்போ 1 மி.லி. (சிரிஞ்சில் அளந்து). கலக்கி, அதில் 100 மி.லி. எடுத்து மீண்டும் ஆர்ஓ தண்ணீரால் 1 லிட்டராக்குங்கள். டிபிடியில் பார்த்தால் 10% மருந்துக்கு 1.0 காட்ட வேண்டும். 0.6 காட்டினால் கையில் இருப்பது 6%.

#9 ஈசிஆர்_செயலர்

எங்களிடம் ஓடிஓ (குளோரினுக்கு மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடொலிடின்) கிட்தான் இருக்கிறது. மஞ்சள் நன்றாக வருகிறது, அதை வைத்துத்தான் ஊற்றுகிறார்கள். அது போதாதா?

#10 உப்புக்கரிப்பு

போதாது. ஓடிஓவில் தனிக் குளோரின் போட்ட சில விநாடியிலேயே நிறம் தரும், அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் தரும். பிளம்பர் போட்டுவிட்டு போனில் பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்த மஞ்சள்தான் தெரியும். ஓடிஓ புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள் வேறு. சோதித்த தண்ணீரைச் சம்புக்குள் திருப்பி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், அது கூடவே கூடாது.

இந்த வித்தியாசம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், கிணற்று லாரியில் அம்மோனியா வரலாம். அம்மோனியா நைட்ரஜன் 1 மி.கி. இருந்தால் அதைத் தாண்டித் தனிக் குளோரின் நிற்க 8 முதல் 10 மி.கி. குளோரின் தேவை. அந்த எல்லைக்குக் கீழே எல்லாம் குளோரமீன். டிஎச்எம் மிகக் குறைவாகவே உருவாகும். மஞ்சள் மட்டும் அழகாக வரும், கிருமியைக் கொல்லும் வேகமோ வெகு குறைவு. மறுநாள் வேறு கிணற்று லாரி, அம்மோனியா இல்லை, அதே 5 லிட்டர். முழுக்கத் தனிக் குளோரின், புரோமைடும் இருக்கிறது, டிஎச்எம் எகிறும். ஒரே சம்பில் வெவ்வேறு வாரம் எடுத்த இரண்டு ரிப்போர்ட் ஒத்துப்போகாததற்கு ஆய்வகத்தைத் திட்டும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

டிபிடி வாங்குங்கள். 1-ஆம் எண் மாத்திரை தனிக் குளோரினுக்கு, நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். அதே குழலில் 3-ஆம் எண் போட்டால் மொத்தம். ஒரு பொறி இருக்கிறது: குளோரின் 10 மி.கி.க்கு மேல் போனால் இளஞ்சிவப்பு வெளுத்துப்போய் 'குளோரினே இல்லை' என்பதுபோல் தெரியும். மருந்து ஊற்றிய இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் இது நடக்கும். சந்தேகம் வந்தால் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

#11 கண்மாய்

ஆய்வகம் போகாமல் வீட்டிலேயே டிஎச்எம் பார்க்கக் கிட் உண்டா? டிடிஎஸ் மீட்டரில் ஏதாவது தெரியுமா?

#12 பிப்பெட்

டிடிஎஸ் மீட்டர் உப்பை அளக்கிறது. டிஎச்எம் மின்சாரம் கடத்தாது, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது. அந்த மீட்டருக்கு அது இருப்பதே தெரியாது.

நிறம் மாறும் வேதிக் கிட் ஒன்று ஹாக் நிறுவனத்திடம் உண்டு. சூடாக்கும் தொட்டியும் ஃபோட்டோமீட்டரும் வேண்டும். நான்கையும் பிரிக்காமல் குளோரோஃபார்ம் கணக்கில் ஒரே எண் தரும். மூன்று ஹாலஜன் உள்ள மற்ற சிலவும், டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் உட்பட, அதில் சேர்ந்துகொள்ளும். நீர்நிலையத்தில் இன்று நேற்றைவிடக் கூடியதா என்று பார்க்க நல்லது. உங்கள் சிக்கலே புரோமின் பங்கு என்பதால் இங்கே உதவாது.

254 நானோமீட்டரில் புற ஊதா உறிஞ்சலும் மொத்தக் கரிம அளவும் எடுத்தால் கரிமத்தின் தன்மை தெரியும். உறிஞ்சலை (செ.மீ. கணக்கில்) கரைந்த கரிமத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 4-க்கு மேல் என்றால் மட்கிலிருந்து வந்த, குளோரினோடு தாராளமாக வினைபுரியும் கரிமம். 2-க்குக் கீழே என்றால் அந்தச் சுபாவம் குறைவு. மாதிரியை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிக்க வேண்டும், இரும்பு இருந்தால் உறிஞ்சல் பொய்யாகக் கூடும். லாரிக் கிணறுகளை ஒப்பிட இது மலிவான வழி.

ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) முத்திரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கீகாரப் பட்டியலில் இந்த நான்கு பொருளும், முறையின் பெயரோடு, குடிநீர் என்ற தலைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். குளோரைடுக்கும் கடினத்தன்மைக்கும் அங்கீகாரம் வாங்கிவிட்டு டிஎச்எம்மை வெளியே அனுப்புபவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச அளவீட்டு எல்லை, பிளாங்க் முடிவு (சுத்த நீரை அளந்தது), ஸ்பைக் மீட்பு (தெரிந்த அளவு சேர்த்ததில் எத்தனை சதவீதம் கருவியில் திரும்பத் தெரிகிறது) இந்த மூன்றையும் ரிப்போர்ட்டோடு கேளுங்கள். மீட்பு 80-120 சதவீதம் என்றால் சரி.

பிளாங்க் ஏன் என்றால், தண்ணீர் ஆய்வகத்தில் குளோரோஃபார்ம் ஒரு அன்றாடக் கரைப்பான். டிடர்ஜென்ட் சோதனையில் நீல நிறத்தைப் பிரிப்பதே குளோரோஃபார்மில்தான். அந்த மேசையும் டிஎச்எம் கருவியும் ஒரே அறையில் இருந்தால் காற்றிலிருந்தே ஏறும். அவர்கள் பிளாங்குக்கு எடுக்கும் 'சுத்த நீர்' குழாய்த் தண்ணீரிலிருந்து வந்ததாக இருந்து, அதைச் சுத்தம் செய்யும் கார்பன் தீர்ந்திருந்தால், அதிலேயே குளோரோஃபார்ம் இருக்கும். குளோரோஃபார்ம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் முதலில் பிளாங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

#13 நாலாம்மாடி

எங்கள் வீட்டு ஆர்ஓ மெஷினில் வரும் தண்ணீரில் குளோரின் வாடையே இல்லை. அப்போது டிஎச்எம்மும் போயிருக்கும்தானே? குழந்தைக்குக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன்.

#14 உப்புக்கரிப்பு

அந்த முடிவுக்கு வர முடியாது மேடம். மெஷினுக்குள் இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினை வினையால் அழிக்கிறது, அந்த வேலையை ரொம்ப நாள் செய்யும். டிஎச்எம்மையோ ஒட்டவைத்துப் பிடிக்கிறது, இடம் நிறைந்ததும் விட்டுவிடும். நான்கில் குளோரோஃபார்ம்தான் லேசாக ஒட்டுவது, முதலில் நழுவுவதும் அதுவே. வாடை நின்றே இருக்கும், குளோரோஃபார்ம் மட்டும் தாண்டி வந்துகொண்டிருக்கும். நிறைந்த கார்பனில் நல்ல தண்ணீர் ஓடினால் பிடித்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும். ஆர்ஓ சவ்வு உப்பை நிறுத்துகிற அளவுக்குக் குளோரோஃபார்மை நிறுத்தாது, அது சின்ன, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு. புற ஊதா விளக்குக்கு இதில் வேலையே இல்லை. ஆகவே கார்பனை நிறுவனம் சொன்ன கெடுவில் மாற்றுங்கள், வாடை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கொதிக்க வைப்பது நல்ல வழி. குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பது. மூடி போடாமல், கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம், ஜன்னலைத் திறந்து வைத்து. டிஎச்எம்மில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் ஆவியாகாது, டைகுளோரோஅசிட்டிக் அமிலம் தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் ஆகும்.

#15 ஈசிஆர்_செயலர்

சரி, குறைப்பது எப்படி? நிறுத்துவோர் கட்சிக்கு என்ன பதில் சொல்ல?

#16 சம்ப்மூடி

ஹைப்போவை நிறுத்தினால் லாரித் தண்ணீரில் வரும் கிருமியால் ஒரே வாரத்தில் வாந்தி பேதி. டிஎச்எம் பல்லாண்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் உபபொருளுக்குப் பயந்து கிருமிநீக்கத்தைத் தளர்த்தாதே என்றுதான் சொல்கிறது. நிறுத்துவோர் கட்சிக்கு இதுதான் பதில்.

குறைக்க வேண்டியது மருந்தின் மிகையையும் தண்ணீரின் வயதையும். கடைசி வீட்டுக் குழாயில் தனிக் குளோரின் 0.2 மி.கி. நிற்க வேண்டும், ஐஎஸ் 10500 கேட்பது அதைத்தான். வைரஸ் பயம் உள்ள காலத்தில் 0.5. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஊற்றுங்கள், 'தினம் 5 லிட்டர்' என்ற பழக்கத்தை விடுங்கள். காலையில் மொத்தமாகக் கொட்டுவதற்குப் பதில் லாரி இறங்கும்போதே சின்ன டோசிங் பம்பில், லாரிக்கு இவ்வளவு என்று விடலாம். 12,000 லிட்டர் லாரிக்கு 2 மி.கி. என்றால் 24 கிராம் குளோரின், அசல் 10% மருந்தில் 240 மி.லி. மெட்ரோ வாட்டர் ஏற்கெனவே குளோரின் போட்டே வருகிறது, அதற்கு அளந்து பார்த்த பிறகுதான்.

வயது: 1,50,000 லிட்டர் சம்ப், தினம் 60,000 செலவு. சராசரியாக இரண்டரை நாள் சம்பிலேயே கிடக்கிறது, அதற்கு மேல் மாடித் தொட்டி. சென்னை வெயிலில் மொட்டை மாடித் தொட்டி என்பது அடுப்பு, டிஎச்எம் வினைக்கு அதைவிட வசதி வேறில்லை. தட்டுப்பாடு இல்லாத மாதங்களில் ஃப்ளோட்டை இறக்கிப் பாதி சம்பில் ஓட்டினால் ஒன்றேகால் நாளாகிவிடும். அடிச்சேறு கரிமக் களஞ்சியம், வாரி எடுங்கள்.

போரைக் குடிநீர்ச் சம்பிலிருந்து பிரிக்க முடிந்தால் அதுதான் பெரிய வெட்டு. ஃப்ளஷ் லைன் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாடித் தொட்டியில் தூவி விழச் செய்தால் ஆவியாகிப் போகும் என்று சிலர் விற்கிறார்கள். குளோரோஃபார்முக்கு உண்மை. புரோமோஃபார்ம் தண்ணீரை விட்டுக் கிளம்ப வெகு சோம்பேறி. உங்கள் கலவைக்குக் காசு வீண்.

#17 பிப்பெட்

சம்ப்மூடி சொன்ன பழைய கேனுக்கு ஒரு சேர்க்கை. ஹைப்போ சிதையும்போது குளோரேட் உருவாகிறது. வலு குறைந்த மருந்தைக் கூடுதலாக ஊற்றி ஈடுகட்டினால் குளோரேட்டும் கூடவே ஏறும். டிஎச்எம் சோதனையில் அது தெரியாது, அயன் குரோமட்டோகிராஃபி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தற்காலிக வரம்பு 0.7 மி.கி. மாதிரி மாறாமல் காக்க எத்திலீன்டையமீன் லிட்டருக்கு 50 மி.கி., இதற்குப் பிளாஸ்டிக் பாட்டில் போதும். கேன்களைச் சிறிதாக, நிழலில், பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்கி வையுங்கள். வந்தவுடன் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீரில் நீர்த்தால் சிதைவு வெகுவாகக் குறையும்.

எந்த லாரி, எந்தப் போர் குற்றவாளி என்று பார்க்க ஒரு வழி. ஒவ்வொரு மூலத் தண்ணீரையும் தனித்தனியாகப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, நீங்கள் போடும் அதே அளவு மருந்து போட்டு, சம்ப் வெப்பநிலையில் இருட்டில் இரண்டரை நாள் வைத்து, பிறகு வயலில் நிறுத்தி அனுப்புங்கள். கடைசியில் தனிக் குளோரின் மீதி இருக்க வேண்டும், தீர்ந்துபோனால் முடிவு குறைவாகக் காட்டும். ஏழு நாள், 25 டிகிரி, பிஎச் 7 என்று புத்தகத்தில் இருப்பது உச்சபட்ச உருவாக்கத்தை அளக்கும் சோதனை. உங்களுக்கு அது வேண்டாம், உங்கள் சம்பின் நிலைமைதான் வேண்டும்.

#18 ஈசிஆர்_செயலர்

புரிந்தது. என் திட்டம்: (1) சம்புக்குள் விழும் இடம், (2) பி பிளாக் மேல்தளம், பாதி வீடு பூட்டியிருக்கிறது, அங்கே தண்ணீர் ரொம்ப நேரம் நிற்கும், (3) ஒரு வீட்டு ஆர்ஓவுக்கு முன்னும் பின்னும். ஓர் இடத்துக்கு இரண்டு வயல், ஒரு திறக்காத வயல். மருந்து ஊற்றிய ஒரு மணி நேரத்தில் பிடிக்கலாமா? அடுத்தது எப்போது?

#19 பிப்பெட்

ஊற்றியவுடன் பிடித்தால் வினை பாதியில் இருக்கும். காலையில் மருந்து ஊற்றும் முன், மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும் முன் பிடியுங்கள். அதுதான் வயதான தண்ணீர். பி பிளாக் டிஎச்எம்முக்குச் சரியான இடம். ஹாலோஅசிட்டிக் அமிலத்துக்கு அது சரியாக இருக்காது, குளோரின் தீர்ந்த கோடியில் கிருமிகள் அந்த அமிலங்களைத் தின்றுவிடும். அதற்கு நடு பிளாக்கில் குளோரின் மீதி இருக்கும் குழாய் ஒன்று.

அடுத்த முறை மே மாதம், அதற்கடுத்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு. ஒன்றில் வெப்பமும் உப்பும் உச்சம், இன்னொன்றில் ஏரிக்குள் புதுக் கரிமம் வந்து சேரும்.

#20 உப்புக்கரிப்பு

ஒவ்வொரு வயலுக்கும் குறிப்பு எழுதும்போது நேரம், குழாய், தண்ணீர் வெப்பநிலை, டிபிடி தனி/மொத்தம் இவற்றோடு முந்தைய மூன்று நாளில் சம்புக்குள் வந்த லாரி எத்தனை, எந்தக் கிணறு, போர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் இருக்கட்டும். செக்யூரிட்டி கையெழுத்துப் போட்ட லாரிச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்தாலே போதும். லேபிளை வயலை நிரப்பும் முன்பே ஒட்டிவிடுங்கள், நனைந்த கண்ணாடியில் ஒட்டினால் ஐஸ் பெட்டிக்குள் கழன்று எது எந்த மாடி என்று தெரியாமல் போகும்.